குப்புற

ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் முப்பத்து நாலு வருஷம் ஆயா.
அப்போதுதான் பிறந்து, சோப்புக் கட்டி மாதிரி
வழுக்கும் பிள்ளைகளை ஏந்தியிருக்கிறேன்,
கரண்ட் போன இரவுகளில்
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டும்.
ஒன்றையும் கீழே போட்டதில்லை.

ரிட்டயராகி ஒன்பதாம் வருஷம்
என்னைப் போட்டுவிட்டேன்.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு, இரண்டாம் மாடி.
ராத்திரி பதினொன்றேகாலுக்குத் தண்ணி லாரி.
யாரோ சிந்திய படியில் என் கால்.
குடம் மட்டும் நிற்காமல் உருண்டுபோய்
கீழ்வீட்டுச் செல்வராணி கதவில் முட்டிச்
சேதி சொன்னது.

மணிக்கட்டு. மாவுக்கட்டு. ஆறு வாரம்.
பிறகு ஸ்டான்லியில் படம் பிடித்து
எலும்புக்கு மார்க் போட்டார்கள்: மைனஸ் மூன்று.
சைபருக்கும் கீழே மார்க் வாங்கியவள்
எங்கள் வம்சத்தில் நான்தான்.
“உள்ள டீக்கடைப் பொறை மாதிரி இருக்கும்மா” என்றார் டாக்டர்.
எனக்குப் பொறை பிடிக்கும். சொல்லவில்லை.

அதிலிருந்து நாற்காலி.
டில்லிபாபு ரிமோட்டைக் கையில் கொடுத்தான்.
லாவண்யா தட்டைக் கையில் கொடுத்தாள்.
“நீ எழுந்திரிக்காத.”
ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணினேன்,
நாற்பத்தொன்றில் தூங்கிவிட்டேன்.
மாசி போய் ஆடி வந்தது.
இடுப்பில் புடவை ஒரு சுற்று கூடியது.
கக்கூசுக்குப் போகும் ஆறடியில்
சுவர் முழுக்க என் கைரேகை.

வாரம் ஒருமுறை வரும் பிசியோ ஷமீமாவுக்கு
இரக்கமென்பது கிடையாது.
கை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழு, பத்து தடவை.
சமையல் மேடையைத் தொட்டுக்கொண்டு
ஒற்றைக் காலில் நில், பத்து எண்ணு.
நான் நாலில் ஆடிப்போவேன்.
“நாலரை” என்று நோட்டில் எழுதிக்கொள்வாள்.

ஞாயிறு காலை மாத்திரை,
அப்புறம் அரை மணி நேரம் படுக்கக் கூடாது.
மொட்டைமாடியில் வெயில்,
மணலிப் புகை விட்ட அளவுக்கு.
காசிமேட்டு நெத்திலி, முள்ளோடு.
ஐப்பசியில் எட்டு எண்ணினேன்.

அந்த வாரம்தான் “தரையில படுங்க பூங்காவனம்மா” என்றாள்.
“விழாம இருக்கத்தானடி இத்தனையும்?”
“விழுந்தா? அவங்க வேலைக்குப் போயிட்டா?
சாயங்காலம் வரைக்கும் கெடப்பீங்களா?”

ஒருக்களி.
குப்புறத் திரும்பு.
முட்டி போடு. நாற்காலி வரை தவழ்.
பிடி. ஒரு கால் முன்னே. எழு.

எத்தனை ஆயிரம் பிள்ளைகள் என் கையில்.
ஒன்றாவது குப்புற விழுந்து நான் பார்த்ததில்லை.
மூன்றாம் நாள் டவலில் சுற்றி
ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடுவோம்.
குப்புற விழுந்தால் வீட்டில் கொழுக்கட்டை செய்வார்கள்,
தெருவுக்கே கொடுப்பார்கள்,
அதுவும் விழுவதுதானே.

நேற்று மத்தியானம் தனியாகப் படுத்துப் பார்த்தேன்.
தரை ஜில்லென்றிருந்தது.
இந்த வீட்டைக் கீழிருந்து பார்த்ததே இல்லை.
பீரோவுக்கு அடியில் ஒட்டடை, ஒரு கொண்டை ஊசி,
பேரன் தீபாவளியிலிருந்து தேடி அழும்
கேரம் ஸ்ட்ரைக்கர்.

கை நீட்டி எடுத்துவிட்டேன்.
ஆனால் எழுவதற்கு இரண்டு கையும் வேண்டும்.
ஜாக்கெட்டில் செருகினால் வழுக்குகிறது.
சரி என்று
வாயில் கவ்விக்கொண்டு
முட்டி போட்டு, தவழ்ந்து,
நாற்காலியைப் பிடித்து ஒரு கால் முன்னே வைத்த நேரம்
கதவைத் திறந்தான் டில்லிபாபு.

ஐயோ அம்மா என்று கத்தினான், பையைப் போட்டான்,
ஓடி வந்தான். கையைக் காட்டி நிறுத்தினேன்.
நானே எழுந்தேன். தொடை நடுங்கியது, நின்றேன்.

அவனுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை.
கடைசியில்,
“வாயில என்னம்மா?
துப்பு” என்றான்.